கடலா, காய்ச்சலா

எங்கள் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது, வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். ஐயா பெயரைக் கூப்பிடுவார். சத்தம் வராது. பேனாவை நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "கடலா, காய்ச்சலா?"

காய்ச்சல் என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு. கடல் என்றால் ஒரு புள்ளி மட்டும். சத்துணவு மணிக்குள் அந்தப் பிள்ளை ஓடி வந்து சேர்ந்துவிட்டால் புள்ளி வருகையாகிவிடும்.

கடல் என்றால் கடல் மட்டும் இல்லை. அப்பாவோடு கட்டுமரம் தள்ளப் போனாலும் கடல்தான். கழிமுகத்தில் இறால் பொறுக்கப் போனாலும் கடல்தான். அம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருக்க, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாலும் கடல்தான். வயிற்றுப்பாட்டுக்காக வராமல் போனால் அதற்கு எங்கள் பள்ளியில் அந்த ஒரே பெயர். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. பழைய தலைமையாசிரியர் ஒருவர் வராத பிள்ளைகளின் பெயரை அடித்துக்கொண்டே வந்தாராம். வருடக் கடைசியில் பார்த்தால் வகுப்பில் அவருடைய மகன் மட்டும்தான் மிச்சமாம். அதற்குப் பிறகு வந்தது இந்தப் புள்ளி என்று என் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சினிமாவுக்குப் போனவளுக்கும் ஊர் சுற்றப் போனவளுக்கும் கடல் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அது பொய்க் கடல். ஐயா அதற்கு அடிக்க மாட்டார். நாங்களே பார்த்துக்கொள்வோம். பொய்க் கடல் சொன்னவள் ஒருநாள் வராமல் போனால், அவளுக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவ்வளவுதான் தண்டனை. எந்தப் பிரம்பையும்விட அதற்குத்தான் பயந்தோம்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கடல் பக்கமாக இருக்கிறது அந்தப் பள்ளி. முன்பு அது வலை காயப் போடும் திடல். குப்பத்துப் பஞ்சாயத்தார் கூடி, "பசங்க பட்சா போதும், வலைய மணல்ல காயப் போட்டுக்கலாம்" என்று சொல்லி விட்டுக்கொடுத்த இடம். முதலில் ஒரு ஓலைக் கொட்டகை, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, பிறகு மாடிக் கட்டடம். பள்ளிக்கென்று மணி இருந்தாலும் அதை யாரும் நம்ப மாட்டார்கள். கம்பெனிச் சங்கு ஊதினால்தான் பிள்ளைகள் கிளம்புவார்கள். காலையில் பெஞ்சைத் துடைக்காமல் உட்கார்ந்தால் பாவாடையில் பவர் ஹவுஸ் சாம்பல் அப்பிக்கொள்ளும். காற்று தெற்கே திரும்பினால் கண் எரியும். ஜன்னலை மூடிவிட்டுப் பாடம் நடக்கும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆசிரியர்கள் மாற்றல் கேட்டு ஓடிவிடுவார்கள். நிற்பவர்கள் நின்றுவிடுவார்கள், இருமலோடு.

எங்கள் பேச்சைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளியில் யாரும் சிரித்ததில்லை. "பரிட்சையில மட்டும் 'இருக்கிறது'ன்னு எழுதுங்க. வெளியில 'கீது'ன்னே சொல்லுங்க, ஒண்ணும் குடி முழுகிப் போவாது" என்று தமிழ் ஐயாவே சொல்வார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க ரோட்டைத் தாண்டி, ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பையன்கள் கொஞ்சம் பேர் போனார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அந்தக் காலத்திலேயே லாரிகள் அப்படி. அப்போதுதான் குப்பத்துப் பெண்கள் ஒருநாள் மீன் விற்றுவிட்டு, வீட்டுக்கு வராமல், கூடைகளோடு நேராகக் கல்வி ஆபீசுக்குப் போய் வாசலில் குந்திவிட்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. மறுநாளும் போனார்கள், அடுத்த வாரமும் போனார்கள். "ஞாயத்துக்கு எங்க குட்தானுங்க? கவுச்சி தாங்காம குட்தானுங்க" என்பாள் அம்மா. எப்படியோ பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. வாசல் வளைவில் அந்தப் பெயரை நீல பெயின்ட்டில் எழுதினார்கள். நான் பத்தாவது படித்தது அந்த நாற்றத்தின் புண்ணியத்தில்தான்.

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, நாலு பேர் இருக்கும் இடத்தில் சத்தம் தொண்டையோடு நின்றுவிடும். இப்போதும் அப்படித்தான். எழுதுவது கொஞ்சம் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் இருவருக்கும் சேர்த்துச் சொல்வாள். "உள்ளேன் ஐயா. இவளும் உள்ளேன் ஐயா."

"ஏன், அவளுக்கு வாய் இல்லியா?"

"வாய் கீது ஐயா. சவுண்டுதான் இல்ல."

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இறால் பருவத்தில் நான் சித்தியோடு கழிமுகத்துக்குப் போய்விடும் நாட்களில் எனக்காகக் கடல் சொன்னதும் அவள்தான். ஒருமுறை நான் வந்து சேர நேரமாகிவிட்டது என்று தெரிந்து, ஐயாவைப் பேச்சில் பிடித்து வைத்துச் சத்துணவு மணியையே தாமதப்படுத்தினாள். அப்படி ஒரு பக்கத்துக்காரி.

பள்ளி முடிந்த பிறகும் அவள் எனக்குப் பக்கத்துக்காரிதான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பொண்ணு வாயைத் திறந்து சொல்லட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். "அவளுக்குப் புட்சிருக்குது, காபிய குடிங்க" என்று சமையலறை வாசலில் நின்று சொன்னது அவள். உண்மையில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு பேரும் ஒன்றாகத் தையலுக்குப் போனோம். சூப்பர்வைசர் என்னைத் திட்டினால் பதில் அவளிடமிருந்து வரும். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் சண்டை போட்டதும் அவள்தான். எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து வந்தால் அது என் வார்த்தை என்று நானே நம்பியிருந்தேன்.

இப்போது நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். அவள் மகளிர் குழுத் தலைவி. வார்டில் எந்தக் கூட்டம் என்றாலும் முன்வரிசை. அவளுடைய மகன் வேனில் ஏறித் திருவொற்றியூரில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறான். என் மகள் எங்கள் பள்ளியிலேயே எட்டாவது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்றபோது, அவள்தான் என் பெயரைச் சொன்னாள். நான் முடியாது என்று கையை ஆட்டினேன்.

"இன்னாமே பயம்? நீ சும்மா குந்து, நான் பேசறேன்" என்றாள். பழைய மாணவி என்ற இடத்தில் அவளும் குழுவில் சேர்ந்தாள். கூட்டங்களில் நான் நாற்காலியில் உட்காருவேன். அவள் பேசுவாள். கழிவறைக்குக் கதவு வந்தது அவள் பேசித்தான். அதை மறுக்க மாட்டேன்.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். கடல் அரித்து இரண்டு தெரு போய், நிறைய குடும்பங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டது உண்மைதான். ஒன்பதையும் பத்தையும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். காலியாகும் திடலில் கன்டெய்னர் லாரிகளை நிறுத்த இடம் கொடுப்பார்களாம். அதிகாரி வந்து குழுவைக் கேட்ட பிறகுதான் முடிவு என்றார் தலைமையாசிரியை. "பெத்தவங்க வேண்டாம்னு சொன்னா நானும் மேல எழுதறேன். நீங்க சொல்லணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் என் கணவர் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "அந்த ரோட்ட தாண்டி பொண்ண அனுப்ப மாட்டேன். எட்டாவது போதும். உன்கூட வந்து மிஷின்ல குந்தட்டும்." அவரைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் அந்த ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து வெளியே வரும்போது மூன்றாவது எங்கிருந்து வரும் என்று தெரியாது. அந்த ரோட்டில் யாரையாவது இழக்காத தெரு எங்கள் பக்கம் இல்லை. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் பேச்சு வராது, என்னைப் போல.

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஒரு கூட்டத்தில் நான் பேசுவது என்று. மிஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால், தைத்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ஒன்பதும் பத்தும் இங்கேயே இருக்கணும் சார். எங்க பொண்ணுங்க அந்த ரோட்ட தாண்டாது." இவ்வளவுதான். பக்கத்துக்காரி வந்தபோது அவளிடமும் சொல்லிக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள்.

"'தாண்டாது'ன்னு சொல்லாத. ஏன், அதுங்க இன்னா மாடான்னு கேப்பான். 'தாண்ட முடியாது'ன்னு சொல்லு" என்றாள்.

திருத்திக்கொண்டேன். 'தாண்ட முடியாது'தான் நன்றாக இருந்தது.

கூட்டத்தன்று காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தண்டையார்பேட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோதுதான் கூட்டம் ஞாபகம் வந்தது. அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் சொல்லிக் காட்டினேன் இல்ல, அதயே சொல்லிடு டி. தலைவி சொன்னாங்கன்னு சொல்லு."

"நீ அம்மாவ பாருமே. நான் கீறேன் இல்ல? கேட்டா, கடல்னு சொல்லிடறேன்."

அம்மாவின் தலை என் தோளில் கிடந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைக்கும்போது மனசு லேசாக இருந்தது.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பக்கத்துக்காரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தாள். அவள் கிளம்பி வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டேன், "சொன்னியா?"

"சொல்ட்டேன்மே" என்றாள். வேறு எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முழுப் பரீட்சை முடிந்த சமயம், மகளுக்கு ஒன்பதாவது சீருடை எப்படி என்று கேட்கப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. ராயபுரத்திலிருந்து ரயிலில் வருகிறவர், நல்ல மாதிரி.

"அந்த ஸ்கூல்ல பேசிட்டேம்மா. உங்க பொண்ணுக்கு முதல் பெஞ்சே கொடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க ஒத்துக்கிட்டதாலதான் பிரச்சினை இல்லாம முடிஞ்சது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தலைவர் எங்கன்னு அதிகாரி கேட்டார். உங்க ஃப்ரெண்ட் எழுந்து, 'கடல் சார்'னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, நீங்க மீன் பிடிக்கப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன். அப்புறம் அவங்கதான் சொன்னாங்க: தலைவிக்கு முழுச் சம்மதம், அவங்க பொண்ணே முதல் ஆளா அங்க சேரப்போறான்னு. அதுவரைக்கும் முணுமுணுத்துட்டு இருந்தவங்க அப்புறம் வாயத் திறக்கல. தலைவி பொண்ணே போகும்போது நமக்கென்னன்னு விட்டுட்டாங்க."

"நான் சொல்லல டீச்சர்" என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் மேஜையிலிருந்த ஃபைலை என் பக்கம் திருப்பினார். "அப்பவே வந்து சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பேம்மா. இப்ப ஆர்டரே வந்திடுச்சு."

பக்கத்துக்காரி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். கையை மட்டும் நிறுத்தவில்லை.

"குந்துமே மொதல்ல."

நான் உட்காரவில்லை. "நான் இன்னா சொல்லச் சொன்னேன்? நீ இன்னா சொன்ன?"

"பத்தாவதுல எத்தினி பேரு கீது? ரெண்டு பெஞ்சு ரொம்புதா? அவனுங்க முடிவு பண்ணிக்கினுதான் வந்தானுங்க. நம்மள கேக்கறதெல்லாம் சும்மா பேச்சு. வேணான்னா உட்டுட்டு பூடுவானா? லாரிக்காரனுங்களுக்கு சாப்பாட்டுக் கடை வருது. அத்த நம்ம மகளிர் குழுவுக்குக் குடுக்கறேன்னாங்க. நாலு பொம்பளைங்க பொழைக்கும்னு பார்த்தேன்."

"அத்த உன் பேர்ல சொல்லிக்கிறதுதான? என் பேர ஏன் சொன்ன?"

இதற்குக் கை நின்றது. "உன் பேர சொன்னாதான மத்தவளுங்க அடங்குவாளுங்க. தலைவின்னு நீதான கீற."

நான் அவள் கையையே பார்த்தேன். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்ததோ என்னவோ, குரலை உயர்த்தினாள். "சரி, நீ வந்திருந்தா மட்டும் இன்னா கிழிச்சிருப்ப? இத்தினி வருசத்துல ஒருநாள் வாயத் தொறந்து பேசிக்கீறியா? சொல்லு பாப்போம்."

வந்திருந்தால் பேசியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். "பொய்க் கடல் சொல்லிட்ட டி" என்றேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. பிறகு தலையைக் குனிந்து நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தாள்.

என்னைத் தலைவி ஆக்கிய அன்றே அவள் இதைத் திட்டம் போட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும். நான் சொல்லிக் காட்டிய அன்று கட்டிலில் உட்கார்ந்து அக்கறையாகத் திருத்திக் கொடுத்தாளே, அப்போது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெரிந்தே திருத்தினாளா? கேட்டால் பதில் சொல்வாள். நான் கேட்கப் போவதில்லை. அவள் பதில்களை நம்பி இருந்தது போதும்.

தண்ணி லாரி வரும் நாட்களில் அவளுடைய குடம் வரிசையில் என் குடத்துக்கு முன்னால் நிற்கும். அவள் எங்காவது கூட்டத்துக்குப் போயிருப்பாள். "இது யாரு குடம்? ஆள் இல்லியா?" என்று லாரிக்காரப் பையன் கேட்பான். முன்பெல்லாம் நான்தான் முன்னால் வந்து அதைப் பிடித்துக்கொள்வேன். இப்போதும் கேட்கிறான். வரிசையில் இருப்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குடம் ஓரமாகப் போகிறது.

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் வாசல் வளைவில் பெயின்டர் ஏறினான். 'உயர்நிலை' என்பதில் 'நிலை'யை விட்டுவிட்டு, 'உயர்' மேல் மட்டும் வெள்ளை அடித்து 'நடு' என்று எழுதினான். புது நீலம் பழைய நீலத்தோடு ஒட்டவில்லை. அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வளைவில் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும்.

மகள் விஷயத்தில் கணவரிடம் நானே பேசினேன். எனக்காகப் பேச ஆள் இல்லை. "நான் கூட்டிக்கினு போறேன், நான் கூட்டிக்கினு வரேன். மிஷின் அதுவரைக்கும் சும்மா கெடக்கட்டும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காலையில் நாங்கள் கிளம்பியபோது மகளின் பையை வாங்கி ரோடுவரை தூக்கிக்கொண்டு வந்தார்.

அவளோடு எட்டாவது முடித்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. லாரிகள் நகர்ந்து இடைவெளி கிடைக்கும்வரை நின்று, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் போனதும் வெட்கப்பட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது ரோட்டோரமாக நின்றபடி சொன்னாள். வருகைப்பதிவு எடுத்தபோது எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்களாம். பதில் இல்லை. இவள் எழுந்து நின்று "கடல் மிஸ்" என்றாளாம். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"அவ நெஜமாவே கடலா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவங்க வூட்ல நிறுத்திட்டாங்க. ரோட்டுக்காக."

"அப்ப கடல்னு சொல்லாத. நாளைக்குக் கூப்பிட்டா, நின்னுட்டான்னு சொல்லு. ஏன் நின்னான்னு கேட்டா, அதையும் சொல்லு."

ஒரு கன்டெய்னர் எங்களைத் தாண்டிப் போனது. புழுதி அடங்கியதும் சொன்னாள்.

"கேக்க மாட்டாங்கம்மா. அந்த மிஸ் அதுக்குள்ள அடுத்த பேரு கூப்ட்டாங்க."